அங்கீகாரமில்லாத யோகச் சான்றிதழ்கள்: மதிப்பறியும் வழி

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கேற்ற கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014 டிசம்பர் 11 அன்று, ஜூன் 21-ஆம் நாளைப் பன்னாட்டு யோகா தினமாக அறிவித்தது. அதன் பின்னர் யோகப் பயிற்சியில் மக்களுக்குள்ள நாட்டம் மேலும் பெருகியது. கற்போர் பெருகவே கற்பிப்போரின் தேவையும் பெருகியது. கூடவே சான்றிதழ்களும் பெருகின. ரிஷிகேசத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் 200 மணி நேரப் பயிற்சி முடித்து ஆசிரியராக வெளிவரலாம். இணைய வழியில் இன்னும் குறைந்த காலத்தில் தியான ஆசிரியர் சான்றிதழ் தருவோரும் உளர். இவற்றுள் பல, முறையான அங்கீகாரம் எதையும் பெறாதவை. அவற்றின் மதிப்பை எவ்வாறு கணிப்பது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

பொருளாதாரம் பயின்றோர் இதன் அடிப்படையை எளிதில் உணர்வர். பழைய மோட்டார் கார்களின் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்நிலையில் நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. மட்டமான பொருளே சந்தையில் மிஞ்சும். யோகப் பயிற்சியில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. கற்பிப்பவர், கட்டணம் பெறுபவர், தேர்வு நடத்துபவர், சான்றிதழில் கையொப்பமிடுபவர் ஆகிய நால்வரும் பெரும்பாலும் ஒருவரே. மாணவரைத் தேர்ச்சியில்லை என அறிவித்தால் நட்டமும் அவருக்கே.

விளம்பரங்களில் வரும் சில சொற்களின் பொருளை நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கம் பதிவு பெற்றிருக்கலாம். அப்பதிவு, சங்கம் இருக்கிறது என்பதற்குச் சான்றேயன்றி, அதன் பாடத்தின் தரத்துக்குச் சான்றன்று. ஐ.எஸ்.ஓ. 9001 சான்று நிருவாக முறையைப் பற்றியது. ஆசிரியரின் திறமையைப் பற்றியதன்று. அமெரிக்காவில் 1999-இல் தோன்றிய யோகா அலையன்ஸ் ஒரு தனியார் அமைப்பு. அதன் பட்டியலில் இடம்பெறுவது எந்த அரசின் உரிமமும் ஆகாது. பட்டம் வழங்கும் உரிமையையோ, 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே வரையறுத்துள்ளது.

நம் நாட்டில் யோகப் பயிற்றுநர்களுக்கான தன்விருப்பச் சான்றளிப்புத் திட்டத்தை இந்தியத் தரக் கவுன்சில் 2015-இல் தொடங்கியது. 2018-இல் ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் அமைந்தது. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடத்தி, பல படிநிலைகளில் இவ்வாரியத் திட்டம் சான்றளிக்கிறது. கற்பித்தவர் வேறு, சோதிப்பவர் வேறு என்பதே இதன் பயன். ஆயினும், இச்சான்று பெற்றவரே யோகம் கற்பிக்கலாம் என்று கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. எனவே அங்கீகாரமில்லாத சான்றிதழ்கள் தொடர்ந்து வழங்கப்படும் என்பதை ஏற்றுக்கொண்டே நாம் சிந்திக்க வேண்டும்.

அங்கீகாரம் இல்லாததெல்லாம் போலி என்று முடிவுகட்டுவதும் தவறாகும். மும்பை சாந்தாகுரூசில் உள்ள யோகா இன்ஸ்டிடியூட் 1918-இலும், லோனாவ்லாவின் கைவல்யதாமம் 1924-இலும் தோன்றியவை. சான்றளிப்பு வாரியம் ஒன்று அமைவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே இவை நன்மதிப்பைப் பெற்றுவிட்டன. கைவல்யதாமம் 1924 முதலே ‘யோக மீமாம்சா’ இதழை வெளியிட்டு, தன் ஆய்வுகளைப் பிறர் பரிசீலனைக்கு முன்வைத்தது. பிறர் சோதித்துப் பார்க்க இடந்தருவதே நன்மதிப்பின் அடித்தளம். கட்டணத்தின் அளவும் தரத்துக்கு அளவுகோலன்று. சத்ய நாராயண கோயங்கா மரபிலான விபாசனா மையங்களில் 10 நாள் பயிற்சிக்குக் கட்டணமே இல்லை; அதை முடித்த மாத்திரத்தில் எவரும் ஆசிரியராகிவிடுவதும் இல்லை.

அப்படியாயின் எவற்றைச் சோதிப்பது? முதலாவது, ஆசிரியர் யாரிடம், எத்தனை ஆண்டுகள் பயின்றார் என்பது. இரண்டாவது, அறிவிக்கப்பட்ட மணிகளுள் எத்தனை மணிகள் ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் கழிகின்றன என்பது. மூன்றாவது, தேர்வில் வெளியார் பங்கேற்கின்றனரா, தேர்ச்சி பெறாதோர் எப்போதேனும் இருந்துள்ளனரா என்பது. நான்காவது மிக முக்கியமானது: எதைச் செய்யலாகாது என்றும் கற்பிக்கிறார்களா? உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவரைச் சிரசாசனத்தில் நிறுத்துவது ஆபத்து. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரை மருத்துவரின் ஆலோசனையின்றி நீண்ட மௌனத் தியானத்தில் அமர்த்துவதும் அத்தகையதே. சேர்க்கைக்கு முன் உடல்நலம் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத நிறுவனத்தை ஐயுறுவதே முறை. ஐந்தாவதாக, முன்னாள் மாணவர்களைச் சந்தித்துக் கேட்க வேண்டும். நிறுவனமே தேர்ந்தெடுத்து அச்சிடும் பாராட்டுரைகள் போதா.

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கோ நலவாழ்வு மையத்துக்கோ பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் அறிவிக்கையில், ‘அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சான்றிதழ்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யாரால், எந்நிலைக்கு அங்கீகரிக்கப்பட்டது என்பதை வரையறுத்துக் கூறுங்கள். அந்த ஒரு வரியின் தெளிவின்மையால் தகுதியுடையவர் வெளியே நிற்கவும், அழகிய தாள் வைத்திருப்பவர் உள்ளே நுழையவும் நேரும். விண்ணப்பதாரரை ஒரு பாடம் நடத்தச் செய்து, அறிந்தவர் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுதல் செலவில்லாத சோதனை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் பல. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. நீங்கள் நாடும் வேலைக்கு எச்சான்று தேவை என்பதை, வேலை தருபவரிடம் கேட்டறிந்த பின்னரே பணம் செலுத்துங்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனைகளை எழுத்தில் பெறுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க வகை செய்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். பயிற்றுநரை நம்பி வருபவரோ தம் கழுத்தையும் முதுகெலும்பையும் மனத்தையும் அவரிடம் ஒப்படைக்கிறார். அந்நம்பிக்கைக்குத் தகுதியானவர்தாமா என்று முன்கூட்டியே கேட்டறிவது அவமரியாதை ஆகாது. நல்லாசிரியர் எவரும் அக்கேள்வியை வரவேற்பார்.