பூதங்களுக்கு வடிவும் வண்ணமும்

தமிழிலே பூதம் என்னும் சொல் இருபொருள் உடையது. நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்னும் இயற்கையின் மூலப்பொருள்கள் ஐந்தும் பூதங்கள் எனப்படும். தெருச் சந்தியிலும் கோயில் வாயிலிலும் காவல் நிற்கும் குறுகிய கால்களும் பருத்த வயிறும் உடைய உருவத்திற்கும் அதுவே பெயர். இயற்கையின் ஆற்றலுக்கு ஓர் உடலும் முகமும் கொடுத்துக் காண விரும்பிய மக்கள், இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கினர் போலும். சிலப்பதிகாரத்து அழற்படு காதையில் மதுரையை விட்டு நீங்கும் நால்வகைப் பூதங்களுக்கும் இளங்கோவடிகள் வெவ்வேறு நிறம் வகுத்தார். ஒன்று நிலவின் வெண்மை; ஒன்று பவளச் செம்மை; ஒன்று பொன்னிறம்; மற்றொன்று கருவிளை மலரின் கருநீலம். நிறத்தைக் கொண்டே இன்ன பூதம் என்று அறியலாம் என்னும் ஓவியக் கொள்கை அக்காதையில் அடங்கியிருக்கிறது.

மேனாட்டிலும் இவ்வெண்ணம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சசு என்னும் மருத்துவ அறிஞர், மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் தீக்கும் உரிய நால்வகை உயிர்களைக் குறித்து எழுதினார். வட ஐரோப்பிய நாட்டுக் கதைகளில் வரும் எல்ஃப் என்னும் வனத்தேவர் கூட்டம் பிற்காலத்தில் இவற்றோடு கலந்தது. தீ எல்ஃப், நீர் எல்ஃப் என இன்று உலகெங்கும் இளைஞர்கள் கணினியில் தீட்டும் கற்பனைச் சித்திரங்களின் வேர் இதுவே.

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் அக்குறணையைக் கடந்தால் அலவத்துகொட என்னும் ஊர் வரும். அவ்வூரில் ஓர் இளைஞன் வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு நால்வகை எல்ஃப்களை வரைய முற்படுகிறான் என்று கொள்வோமாயின், அவன் முதலிற் காண்பது தொலைநாட்டார் வரைந்த மாதிரிகளையே. கூரிய செவியும் நீண்ட கூந்தலும் அவற்றிலிருந்து வந்து சேரும். ஆயின், பூதங்களை வரைவதில் தேர்ந்த ஒரு பள்ளி அவன் ஊரிலிருந்து சிறிது தொலைவிலேயே கற்சுவரில் நிற்கிறது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

அதுவே தெகல்தொருவக் குகைக்கோயில். கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ளது. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் வேலை தொடங்கி, அவன் தம்பி இராசாதி இராசசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. மன்னர் இருவரும் தென்னாட்டு நாயக்கர் மரபினர் என்பது தமிழ் நேயர் அறிந்ததே. 1786ஆம் ஆண்டில் இக்கோயில் மொறத்தொட்ட தம்மக்கந்த தேரருக்கு அளிக்கப்பட்டது. ஓவியம் தீட்டியோருள் முதன்மையானவர் தெவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்னும், முழுத்துறவு பெறாத துறவியார். நீலகம பட்டபெந்தியும் கொஸ்வத்தை ஹித்தர நாயிதேயும் அவரோடு பணியாற்றினர்.

அக்குகையின் கூரைப் பாறை முழுவதும் மாரன் போர். போதி மரத்தடியில் அமர்ந்த சித்தார்த்தரைக் கலைக்க மாரன் படை திரட்டி வருகிறான். பௌத்த நூல்கள் கூறுமாறு, அவன் ஏவியவை ஒன்பது: சூறைக்காற்று, பெருமழை, கல்மழை, படைக்கலமழை, தணல், சுடுசாம்பல், மணல், சேறு, காரிருள். காற்றும் நீரும் தீயும் மண்ணும் ஒருங்கே பகைவராயின. முடிவில் அவ்வைம்பூதங்களுள் ஒன்றாகிய நிலமே சான்று கூறி அவரைக் காத்தது. கண்டி மரபு ஓவியர் அந்நிலத்தை நிறைகுடம் ஏந்தி எழும் நங்கையாக வரைவர். ஒரே பூதம் அழிக்கும் சேறாகவும் காக்கும் தாயாகவும் தோன்றுவதை ஒரே படத்தில் காட்டிய கதை இது.

இவ்வோவியங்களின் தொழில்முறை கவனிக்கத்தக்கது. பாறைமீது மண்சாந்து பூசி, அதன்மேல் மகுல் என்னும் வெண்களிமண் தடவித் தளம் அமைப்பர். உருவங்களை முதலில் கோட்டால் வரைவர். பின்பு பின்னணி முழுவதையும் அடர்ந்த செந்நிறத்தால் நிரப்புவர். அதன்பின் உருவங்களுக்கு ஒவ்வோர் இடத்திற்கும் ஒரே சீரான நிறம் இடுவர். இறுதியாகச் சிவப்பு அல்லது கறுப்புக் கோட்டால் வடிவை உறுதி செய்வர். நிழல் இல்லை, ஒளி விழும் திசை இல்லை, கோடும் சமவண்ணமும் மட்டுமே. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் கொகட்டு மரத்துப் பிசினும், நீலத்திற்கு அவுரி, கறுப்புக்கு விளக்குப்புகைக் கரி. இவற்றைப் பிணைக்க விளாம்பிசின். பரந்த இடத்திற்குத் தாழை வேர்நாரால் ஆகிய தூரிகையும், நுண்கோட்டிற்குத் தெலி என்னும் புல்லின் தூரிகையும் கையாண்டனர்.

கணினியில் ஓவியம் தீட்டுவோன் இன்று பின்பற்றும் வரிசையும் ஏறக்குறைய இதுவே. முதலில் இளநீல நிறத்தில் மங்கலான மாதிரிக் கோடு. அதன்மேல் லேயர் எனப்படும் தனி அடுக்கொன்றில் மையிடுதல். மையடுக்கின் கீழ் வேறோர் அடுக்கில் சமவண்ணம். அதற்கும் மேல் நிழலுக்கு ஓர் அடுக்கு. அவ்வடுக்கைப் பெருக்கல் முறையில் வைத்தால், இட்ட சாம்பல் நீலம் கீழுள்ள நிறத்தை மறைக்காது, அதனைக் கருக்கச் செய்யும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது இது. ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. அடுக்கு முறை அதில் 1994இல் வந்து சேர்ந்தது. கிரிட்டா போன்ற மென்பொருள்கள் இன்று விலையின்றியே கிடைக்கின்றன. ஆகவே பொருள் இல்லையென்று எவரும் இக்கலையை விட்டொழிய வேண்டியதில்லை.

மையிடுதலே இத்தொழிலின் உயிர்நிலை. இன்றைய வரைபேனாக்கள் பல, கையின் அழுத்தத்தை 8,192 படிகளாகப் பகுத்தறியும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஆயினும், எங்கே அழுத்துவது என்று பேனா சொல்லாது. தீக்கு உரிய கோடு அடியில் தடித்து நுனியில் கூர்ந்து முடிதல் வேண்டும். நீருக்கு நெடிய, இடையறாத வளைவு வேண்டும். காற்றின் கோடு முற்றும் மூடாது ஆங்காங்கே விட்டுப்போகலாம். மண்ணுக்குக் குறுகிய, தடித்த, மூலைகள் உடைய கோடு. இவ்வேறுபாடு இல்லையேல் நான்கு உருவங்களும் நால்வேறு நிறச் சட்டை அணிந்த ஒருவரே ஆவர். கை நடுக்கத்தைத் திருத்தும் வசதியும் கணினியில் உண்டு. அதனை மிகுதியாகக் கூட்டினால் நடுக்கத்தோடு கோட்டின் உயிரும் போய்விடும்.

வண்ணத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். திரையில் நிறம் ஒளியால் உண்டாவது. தாளில் மையால் உண்டாவது. திரையில் சுடரும் பச்சையும் நீலமும் அச்சேறும்போது மங்கிவிடும். கண்டி ஓவியர் மிகச் சில நிறங்களைக் கொண்டே கூரை முழுவதையும் நிறைத்தனர். நிறம் குறைந்தமையால் ஒவ்வொன்றும் ஒரு கடமையை ஏற்றது. செம்மை பின்னணியாகி எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தது. இலட்சக்கணக்கான நிறங்களைக் கையில் வைத்திருப்போனுக்கு, ஐந்தாறைத் தெரிந்துகொண்டு மற்றவற்றை விலக்குவதே கடினமான பயிற்சி.

இரு முறைகளுக்கும் உள்ள பெரு வேற்றுமை ஒன்றே. கணினியில் தவறிய கோட்டை ஒரு விசையால் மீட்டுக்கொள்ளலாம். பாறையில் மீட்பு இல்லை. சில்வத்தென்ன உன்னான்சே கூரையை அண்ணாந்து நோக்கி இழுத்த ஒவ்வொரு கோடும் ஒரு தீர்மானம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தீர்மானத்தின் உறுதி காண்போர் கண்ணில் படுகிறது. மீட்கும் விசை பெரும் உதவியே. ஆயினும் நூறு முறை அழித்து எழுதிய கோடு, எழுதியவன் துணிந்த கோடு ஆகாது. நாளுக்குச் சில கோடுகளையேனும் அவ்விசையைத் தொடாது வரைந்து பழகுவோனுக்குக் கை வசப்படும்.

மீட்பு இன்மை சுவருக்கும் துயரமே. மலைநாட்டுக் கோயில்கள் பலவற்றில், புதுப்பிக்கும் ஆர்வத்தால் பழைய ஓவியத்தின் மேல் புது வண்ணம் பூசப்பட்டதுண்டு. கணினியில் மேலடுக்கை மறைத்தால் கீழடுக்கு பழுதின்றி விளங்கும். சுவரில் கீழிருந்தது மறைந்தது மறைந்ததே. இவ்வழிவைக் கண்டு வருந்தியவருள் தலையாயவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய்க் கொழும்பில் 1877இல் பிறந்த அவர், கனிப்பொருள் ஆய்வுக்காக ஊரூராகச் சென்றபோது கைவினைஞரின் தொழிலையும் கண்டறிந்தார். பழைய கட்டடங்களைக் காக்குமாறு 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குத் திறந்த மடல் எழுதினார். 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலில் வண்ணம் அரைக்கும் முறை முதல் தூரிகை கட்டும் முறை வரை பதிந்து வைத்தார். ஒரு தமிழர் மகன் சிங்களக் கைவினைஞரின் அறிவை உலகிற்கு அறிவித்த செய்தி, இந்நாட்டார் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அலவத்துகொட இளைஞன் எல்ஃப்களை வரைதல் குற்றமன்று. பாராசெல்சசும் இளங்கோவும் மாரன் போரைத் தீட்டிய துறவியாரும் ஒரே வேட்கையால் உந்தப்பட்டவர்களே. ஆயின், மையிடத் தொடங்குமுன் ஒருநாள் மகாவலியைக் கடந்து சென்று, அக்குகையின் கூரையைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்து வருவானாயின் நன்று. பேனாவும் திரையும் எந்நாட்டினின்றும் வரலாம். கோட்டின் துணிவை அவன் அங்கே கற்றுக்கொள்ளலாம். அவன் வரையும் தீயும் நீரும் அப்போது தம் சொந்த முகத்தோடு தோன்றும்.