சுருட்டுக்கு ஏற்ற நெருப்பு

நெருப்பு எல்லாம் ஒன்றுதான் என்று நாம் எண்ணுகிறோம். விளக்கில் எரிவதும் சுடுகிறது. அடுப்பில் எரிவதும் சுடுகிறது. இதில் நல்ல நெருப்பு, கெட்ட நெருப்பு என்று பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அப்படிப் பிரித்துப் பார்த்த ஒருவரை நான் அறிவேன். அவர் என் தாய்வழிப் பாட்டனார். அவருக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் சுருட்டைப் பற்றி எல்லாம் தெரியும்.

அவர் திருச்சிராப்பள்ளி உறையூரில் வாழ்ந்தவர். திருச்சிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து பெயர் பெற்றது. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற் கதையில், கீழே கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். அத்தகைய ஊரில் பிறந்த என் பாட்டனார், அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துத்தான் சுருட்டுப் பற்றவைப்பார்.

ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பளபளக்கும் பெட்ரோல் லைட்டர் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். பாட்டனார் அதைத் தட்டிச் சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சுருட்டைக் கீழே வைத்தார். "தம்பி, எண்ணெய்தான் நாறுகிறது, புகையிலை எங்கே போயிற்று?" என்று என்னைக் கேட்டார். சிறுவனாகிய நான் சிரித்தேன். கல்லூரியில் இரசாயனம் பயின்ற பிறகுதான் அவர் கூறியதன் உண்மை எனக்கு விளங்கிற்று.

சிகரெட்டு மெல்லியது, ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். சுருட்டோ பருமனானது. அதன் முனை முழுவதும் ஒரே சீராகக் கனல்வதற்கு நெருப்பைச் சற்று நேரம் காட்ட வேண்டும். அவ்வளவு நேரமும் புகைப்பவர் சுடரின் வாயுக்களைச் சுருட்டின் வழியே இழுத்துக்கொண்டிருக்கிறார். சுடரில் எரியாமல் எஞ்சியது எதுவோ, அது இலையில் படிந்துவிடுகிறது.

பெட்ரோல் லைட்டரின் உள்ளே பஞ்சு இருக்கிறது. நாஃப்தா எனப்படும், எளிதில் ஆவியாகும் பெட்ரோலிய எண்ணெயை அப்பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கிறது. திரி அதை மேலே கொணர்கிறது. சக்கரத்தைச் சுழற்றும்போது பொறி தருவதைச் சிக்கிமுக்கிக்கல் என்கிறோம். உண்மையில் அது கல்லன்று. சீரியம் முதலிய உலோகங்களும் இரும்பும் சேர்ந்த கலவை. ஆஸ்திரிய விஞ்ஞானி ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்த லைட்டர் காற்றுக்கு எளிதில் அணையாது. ஆனால் இதன் சுடர் மஞ்சள் நிறமானது. முற்றும் எரியாத கரித்துகள்கள் கனல்வதே அம்மஞ்சள் நிறத்திற்குக் காரணம். அத்துடன் எண்ணெயின் ஆவியும் கலந்து சுருட்டில் ஏறுகிறது. பாட்டனார் கண்டுபிடித்த நாற்றம் இதுதான்.

தீக்குச்சியோ வேறு வகை. அதன் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உள்ளன. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் தடவப்பட்டிருக்கிறது. உரசியவுடன் எழும் காரமான நெடி கந்தகத்தினுடையது. தலை எரிந்து தீரும்வரை பொறுத்திருந்தால், பின்னர் எரிவது வெறும் மரமே. அது பாட்டனாரின் அடுப்புக் கொள்ளிக்கு ஒப்பானது.

மூன்றாவது பியூட்டேன் வாயு. இது பூச்சியத்திற்கு அரை டிகிரி கீழேயே கொதித்துவிடும். ஆயினும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் இருந்தால், அறையின் வெப்பநிலையிலேயே திரவமாக அடங்கியிருக்கும். அதனாலேயே சிறு பிளாஸ்டிக் கூட்டில்கூட அதை அடைக்க முடிகிறது. வெளியே வந்ததும் வாயுவாகி, நன்கு எரிந்து, பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. நாற்றம் மிகக் குறைவு. எனவே சுருட்டின் சுவையை மட்டும் கருதினால், தூய்மைப்படுத்திய பியூட்டேனின் மென்மையான சுடரே ஏற்றது. எரியுமுன்பே காற்றைக் கலந்து சீறும் நீலச்சுடர் லைட்டர்களும் உண்டு. அவற்றின் வெப்பம் ஆயிரம் டிகிரியையும் கடப்பதால், அருகே பிடித்தால் இலை கருகிவிடும். எந்தச் சுடராயினும் சுருட்டின் முனை அதன்மேல் நிற்க வேண்டுமேயன்றி அதற்குள் நுழையக்கூடாது.

இத்துடன் நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன்.

நம் வீட்டுச் சமையல் வாயுவிலும் பியூட்டேன் இருக்கிறது. அது நாறுகிறதே என்பீர்கள். அந்நாற்றம் வாயுவினுடையதன்று, கசிவு தெரியவேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்னும் பொருளை வேண்டுமென்றே அதில் சேர்க்கிறார்கள். ஏனெனில் ஆபத்து எல்லாவற்றுக்கும் நாற்றம் இருப்பதில்லை. தீக்குச்சியின் வரலாறும் இதையே சொல்லுகிறது. முற்காலத்தில் அதில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. குச்சியை வாங்கியவருக்கு அது எளிதில் பற்றும் நல்ல குச்சி. அதைச் செய்த தொழிலாளருக்கோ தாடை எலும்பு அழுகிற்று. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் பலர் கண் திறந்தார்கள். 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் அதனைத் தடை செய்ய உடன்பட்டன.

சுருட்டின் கதையும் அதுவே. சுடர் தூயதானால் புகை தூயதாகிவிடாது. புகையிலைப் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் எழுபதளவில் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றை லைட்டர் தரவில்லை, புகையிலையே தருகிறது. "நான் புகையை விழுங்குவதில்லை, வாயிலேயே வைத்து விட்டுவிடுகிறேன்" என்று சுருட்டுப் பிடிப்போர் சொல்வதுண்டு. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆதலால் அதிலுள்ள நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். நஞ்சு படிவதும் அவ்வாயிலேதான்.

என் பாட்டனாரின் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டதாயிருக்கும் என்று பல மாதங்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தார். மருத்துவரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டது. இறுதி நாள்களில் கஞ்சியின் சுவைகூட அவருக்குத் தெரியவில்லை. எண்ணெயின் நாற்றத்தை இரண்டே இழுப்பில் கண்டுகொண்ட நாக்கு, தன்னை அரித்த நஞ்சை நாற்பது ஆண்டுகளாகக் கண்டுகொள்ளவில்லை.

மாணவ நண்பர்களே, நம் புலன்கள் நல்ல துணைவர்கள்; ஆனால் அவை அறிவது கொஞ்சமே. அவை நின்றுவிடும் இடத்திலிருந்து விஞ்ஞானம் தொடங்குகிறது. சுருட்டுக்கு எந்த நெருப்பு நல்லது என்று இதுவரை ஆராய்ந்தோம். அதைப் பற்றவைக்காமலிருப்பதே எல்லாவற்றினும் நல்லது என்பது என் முடிவு. அந்தச் சிங்கப்பூர் லைட்டர் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதன் திரி காய்ந்து பல ஆண்டுகள் ஆயின. நான் அதில் எண்ணெய் ஊற்றியதில்லை.