சுதந்திர மணியும் பெரட்டு மணியும்

(சுதந்திர தினத்தன்று தோட்டத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் மன்னார்ப் பக்கம் பாப்பாமோட்டையிலிருந்து வருகிறேன். எங்கள் பக்கம் திருநாள் என்றாலும் கோயில் மணி, செத்தவீடு என்றாலும் கோயில் மணி. உங்களுக்கோ மணி என்றால் பெரட்டுத்தான் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் விடியமுன்னே தப்படித்து எழுப்பினார்கள். பிறகு மணி வந்தது, சங்கு வந்தது. எல்லாமே "வேலைக்கு வா" என்றுதான் கூப்பிட்டன.

விடுதலைக்காக மணி அடிக்கிற நாடும் இருக்கிறது. அமெரிக்காவின் சுதந்திர தினம் ஜூலை 4. அன்று பிற்பகல் 2 மணிக்கு நாடெங்கும் மணி அடிக்க வேண்டும் என்று 1963இல் அவர்களுடைய பாராளுமன்றம் தீர்மானம் எடுத்தது. பிலடெல்பியா நகரில் 'சுதந்திர மணி' என்று ஒரு பழைய மணி இருக்கிறது. வெடித்துப்போன மணி என்பதால் இப்போது மெதுவாகத் தட்டுவதோடு சரி. நாட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் விடுதலை என்று பொருள்படும் வேத வாக்கியம் அதில் பொறித்திருக்கிறது. ஆனால் 1776இல் சுதந்திரம் அறிவித்த பிறகும் அங்கே கறுப்பு மக்கள் லட்சக்கணக்கில் அடிமைகளாகவே இருந்தார்கள். 1830களில் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் என்றால் இவர்களுக்கும்தானே என்று கேட்டார்கள். 'சுதந்திர மணி' என்ற பெயரைப் பரப்பியதும் அவர்கள்தான். 1865இல்தான் அடிமைமுறை ஒழிந்தது.

நம்ம கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் பாட்டன் பூட்டன்மார் பலர் எங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். வழியிலே செத்தவர்கள் எத்தனையோ பேர். 1948 பெப்ரவரி 4 நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போய்விட்டது. பல ஒப்பந்தங்கள், பல சட்டங்களுக்குப் பிறகு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. 55 வருஷம்!

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததைக் கைநழுவ விடலாமா? பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தாச்சா? அதில் பேர் பிழையில்லாமல் இருக்கா? வயது வந்த பிள்ளைக்கு அடையாள அட்டை இருக்கா? வாக்காளர் இடாப்பில் வீட்டிலுள்ள எல்லார் பேரும் ஏறியிருக்கா? தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள். "கொழுந்து நாள், நேரமில்லை" என்று தள்ளிப்போடாதீர்கள். பெரட்டு மணிக்கு ஒருநாளும் பிந்தாத நீங்கள், இதற்கும் பிந்தக் கூடாது.