வடக்கன்குளத்து ஆலயமும் அதன் இரு மண்டபங்களும்



கட்டடக் கலை என்றதும் தஞ்சையையும் மாமல்லபுரத்தையும் எண்ணுவது நம் வழக்கம். நான் இன்று சொல்ல விழைவது ஒரு சிற்றூர்க் கோயிலைப் பற்றி.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இராதாபுரம் வட்டத்தில் உள்ளது வடக்கன்குளம். 1745-ஆம் ஆண்டில் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் இதுவே. 2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றபோது, 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் அவர் பெயரினின்று நீக்கப்பெற்றிருந்தது. சாதியைக் களைய அத்தனை காலம் பிடித்தது!

அவ்வூரில் 1872-ல் சேசு சபைக் குருமார் காலத்தில் எழுந்தது திருக்குடும்ப ஆலயம். கிறித்தவக் கோயில் ஒன்றுக்கு நடுவே நீண்ட மண்டபம் ஒன்று அமைவதே மரபு. இங்கோ இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் பலிபீடத்தில் வந்து கூடுகின்றன. கால்சட்டை வடிவம் என்று இதனைச் சொல்வர். ஒரு மண்டபம் வேளாளர்க்கு, மற்றொன்று நாடார்க்கு. இடையே தடுப்பு. இரு திறத்தாரும் ஒரே பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை. கொத்தனார் நூல் பிடிக்கும் முன்பே சாதி நூல் பிடித்துவிட்டது என்பேன். குருமார் ஊர்ப் பூசலுக்கு அஞ்சி இசைந்தனர் என்று அவர்க்காகப் பரிந்து பேசுவாரும் உளர். அஞ்சியது உண்மையாயினும், அச்சம் சுண்ணாம்பும் கல்லுமாக நிலைத்துவிட்டதே!

1910-ல் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் ஏறினர். சாதியின் பேரால் கோயிலில் தனியுரிமை கோரிய அவ்வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தீர்ப்பு 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அச்சேறியுள்ளது. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் அதனைத் தேடிப் படித்தல் வேண்டும். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பூசல் முழுதும் இரு பெருஞ்சாதிகளுக்கு இடையே நிகழ்ந்ததாகவே பேசப்படுகின்றது. சேரியிலிருந்து வந்து செபம் சொன்னவர் எங்கே நின்றனர் என்பது யார்க்கும் வழக்காகவில்லை.

இனி, எறையூரை நினைவூட்ட வேண்டும். அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்து அவ்வூரில், பங்குக் கோயிலில் சமமதிப்புக் கிட்டாத தலித் மக்கள் தமக்கெனத் தனிப் பங்கு வேண்டினர். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். "தனியே கேட்பது பிரிவினையன்றோ? வடக்கன்குளத்தார் கேட்டதும் அதுதானே?" என்று படித்தவரே வினவுகின்றனர். அன்று: அங்கே தனியிடம் கேட்டவர் பிறர் அருகில் வரலாகாது என்று கேட்டனர், இங்கே கேட்டவர், அருகில் விடப்படாமையால் கேட்டனர். இரண்டுக்கும் ஒரே பெயரிடுவது நேர்மையாகாது.

வடக்கன்குளத்தில் தடுப்பு இன்றில்லை. இரு மண்டபங்களும் உள்ளன. கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் சென்று, முதலில் ஒரு மண்டபத்திலும் பின்னர் மற்றதிலும் நிறுத்திப் பலிபீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.