கப்பலேறும் இல்லப் பொருள்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று, பெட்டி கட்டுதல். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று இளைஞர் சிலர் நகைக்கக்கூடும். நம் குலத்துப் பிள்ளைகள் பலர் ஆஸ்திரேலியாவிற் குடியேறி வருகின்றனர். அவர்தம் பெற்றோர் சுங்கத் தாள்களை எம்மிடம் கொணர்ந்து பொருள் கேட்கின்றனர். அவ்வாறு படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

சுங்கம் நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் அரசன் ஏவலாளர் பொதிகளை ஆராய்ந்து புலிமுத்திரை இட்ட செய்தி பட்டினப்பாலையிற் காணப்படுகின்றது. முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்றே பெயர் உண்டு. அப்பெயரை நம்பி இன்று எவரும் துறைமுகம் செல்லற்க.

ஆஸ்திரேலியச் சுங்கத்தார், குடியேறுவோர் தம் இல்லப் பொருள்களுக்கு வரிவிலக்கு அளிக்கின்றனர். ஆனால் பொருள் பழையதாயிருத்தல் மட்டும் போதாது. புறப்படுமுன் பன்னிரண்டு திங்கள் முழுமையும் வெளிநாட்டில் அவர்க்கே உரியதாய், அவராற் பயன்படுத்தப்பட்டதாய் இருத்தல் வேண்டும். நம்மவர் இடறுவது இங்கேதான். மகளுக்குச் சென்ற திங்கள் மணமுடித்து, சீர்வரிசைப் பாத்திரங்களையும் புதுக் குளிர்ப்பெட்டியையும் உறை கழற்றாமலே அனுப்புகின்றனர். அவை இச்சலுகையுள் அடங்கா. சீர் கொடுப்பதை யாம் தடுக்க வரவில்லை; விலைச்சீட்டையும் உடன் கொடுத்து, புதிய பொருள் என்று மெய்யாகவே எழுதுங்கள் என்கின்றோம். மதுவகையும் புகையிலையும் ஊர்திகளும் எத்துணைப் பழையனவாயினும் இச்சலுகை பெறா.

இதற்கென 'பி 534' என்னும் படிவம் ஒன்று உண்டு. அதனோடு கடவுச்சீட்டின் படியும் பொதிப்பட்டியும் இணைத்தல் வேண்டும். பொதிப்பட்டியாவது எப்பெட்டியில் எப்பொருள் எத்தனை என்னும் கணக்கு. நம் வீடுகளில் 'சில்லறைச் சாமான்' என்றெழுதி ஒரு பெட்டியை முடித்துவிடும் வழக்கம் இருக்கின்றது. அவ்வொரு சொல்லே அப்பெட்டியைத் திறந்து பார்க்கச் செய்யும். எண்ணிட்ட பெட்டிகளும் அவற்றோடு ஒத்த பட்டியும் பொருளைப் பாதி காக்கும் என்க.

வரியினும் பெரிய தடை ஒன்றுண்டு. அஃது உயிரினக் காப்பு. அந்நாடு கடலாற் சூழப்பட்டது. பிற நாடுகளில் மலிந்த பூச்சியும் நோயும் பல அங்கில்லை. கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் 1872-க்குப் பின் அங்குத் தோன்றவேயில்லை. அதனால் ஒரு காலணியில் ஒட்டிய சேற்றையும் அவர்கள் சிறிதாக எண்ணுவதில்லை. மிதிவண்டி, மண்வெட்டி, விளையாட்டுக் காலணி முதலியவற்றைக் கழுவி உலர்த்தியே கட்டுதல் வேண்டும்.

தாய்மார்கள் அருள்கூர்ந்து கேட்க வேண்டும். தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டு என்பதொன்று. அதன் தாயகம் நம் துணைக்கண்டமே. அதன் புழு இடுக்குகளில் ஒளிந்து இரையின்றியே நெடுங்காலம் உயிர்வாழும். 2020-ஆம் ஆண்டில், இறக்குமதியான குளிர்ப்பெட்டிகளோடு அது ஆஸ்திரேலியாவிற் புகுந்தது. குளிர்ப்பெட்டிக்கும் தானிய வண்டுக்கும் என்ன தொடர்பு? பொதிந்த பொருள்களில் ஒளிந்தே வந்தது. அவ்வாண்டு முதல் அரிசி, துவரை, பயறு, கடலை, சீரகம், கொத்துமல்லி விதை, மிளகாய் வற்றல் இவற்றை இல்லப் பொருள்களோடு அனுப்புதல் தடுக்கப்பட்டது. ஆதலின் அஞ்சறைப்பெட்டியை வெறுமையாக்கி, வெந்நீரிற் கழுவி, வெயிலில் உலர்த்திய பின்னரே பெட்டியில் வையுங்கள். பாசத்தால் உழக்கு அரிசியை நடுவிற் செருகுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று. அது கண்டுபிடிக்கப்பட்டால் மருந்துப் புகையிடுதற்கும், திருப்பி அனுப்புதற்கும், அழித்தற்கும் ஆகுஞ் செலவு அவன் தலைமேலேயே விழும்.

மரப்பொருள்களும் அத்தகையனவே. முறம், கோரைப்பாய், ஈர்க்கு விளக்குமாறு ஆகியவற்றை இங்கேயே விட்டுச் செல்லுதல் நலம். பலாமரத்து வீணையில் பூச்சித் துளை உளதா என நோக்குக. பழைய வீணையிற் பதித்த வெண்ணிறப் பூவேலை யானைத்தந்தமாயின் அது வனவிலங்குச் சட்டத்தின்பாற் படும். பெட்டிகளைத் தாங்கும் மரச்சட்டங்களில், நடுப்பகுதியளவும் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் காய்ச்சியமைக்கு அடையாளமாகக் கதிர்முத்திரை பொறிக்கப்படுகின்றது. புலிமுத்திரை போய்க் கதிர்முத்திரை வந்தது!

இனி எம் நெஞ்சிற்கு அணுக்கமான செய்தி. எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர், தம் பாட்டனார் வைத்திருந்த வைத்திய ஏட்டுச் சுவடிக் கட்டொன்றைக் கொணர்ந்து, "ஐயா, இதனைப் புடவைகளுக்கிடையே வைத்து அனுப்பலாமா?" என வினவினார். அவருக்கு அது பாட்டனாரின் நினைவு. திருட்டு எண்ணம் சிறிதுமில்லை. எனினும் யாம் உடனே தடுத்தோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த படிமம் முதலியனவும், அறிவியல், வரலாறு, இலக்கியம் இவற்றாற் சிறப்புடைய 75 ஆண்டு கடந்த சுவடிகளும் தனியார் நாடு கடத்தத் தகாதன. மீறினார்க்கு ஆறு திங்களிற் குறையாத சிறையும் அபராதமும் உண்டு. மூன்றாண்டு வரையும் அச்சிறை நீளலாம். சொந்தப் பொருளாயிற்றே என்னும் வாதம் அங்குச் செல்லாது.

அம்மாணாக்கர் முகம் வாடியது உண்மை. ஏடுகளை ஒவ்வொன்றாக ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, மூலத்தைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ, 1943-இல் நிறுவப்பட்ட உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திலோ ஒப்படைக்கலாம் என்றோம். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் கட்டு இன்றளவும் இவ்வூரிலேதான் இருக்கின்றது. நம் இல்லங்களின் பூசையறைகளில் உள்ள செப்புத் திருமேனிகளுக்கும் குத்துவிளக்குகளுக்கும் இதுவே நெறி. காலம் ஐயமாயின், 'தொல்பொருள் அன்று' என்னும் சான்றினைத் தொல்லியல் துறையிடம் பெற்றபின்னரே கட்டுதல் வேண்டும்.

மோட்டார் வண்டியைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். அதனைக் கப்பலேற்றுமுன்னரே ஆஸ்திரேலிய அரசின் இறக்குமதி அனுமதி கைக்கு வருதல் வேண்டும். வண்டி சென்றபின் அனுமதி தேடுதல் பெருந்தவறு. தன் வண்டியைக் கொண்டு செல்வோன் வெளிநாட்டில் பன்னிரண்டு திங்களேனும் அதனை உடைமையாக வைத்துப் பயன்படுத்தியமையைத் தாள்களாற் காட்டவேண்டும். அங்கே நிலைத்து வாழும் உரிமையும் உடையவனாதல் வேண்டும். கல்நார் 2003 டிசம்பர் 31 முதல் அங்கு முற்றும் விலக்கப்பட்டது. நம் பழைய வண்டிகளின் தடைக்கட்டைகளில் அது கலந்திருத்தல் கூடும். சக்கர மறைவின் உட்புறத்துச் சேறும் ஆராயப்படும். இவற்றின்மேல் கப்பற்கூலியும், நூற்றுக்குப் பத்தாகிய சரக்கு சேவை வரியும் சேரும். கணக்கிட்டுப் பார்த்தால், அரும்பொருளாய்ப் போற்றும் பழவண்டி ஒன்றிருந்தாலன்றி, இங்கே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவதே மலிவாம்.

இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுவன. ஆதலின் பெட்டியை ஆணியடிக்கும் வாரத்திலும் அவ்வரசின் அறிவிப்பை ஒருமுறை நோக்குக. படிவத்திற் சொல் விளங்காதோர் ஞாயிறு மாலைகளில் எம் இல்லத்திற்கு வரலாம். பட்டியை முன்னரே எழுதிக் கொணர்ந்தால் நேரம் மிஞ்சும்.