வண்டிக்கு உண்மையில் என்ன செலவு?



ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார்கள். போகவர என்ன செலவு என்று கேட்டால், பெட்ரோல் காசை மட்டும் சொல்வார்கள். நாம் எல்லாருமே அப்படித்தான் கணக்குப் பார்க்கிறோம்.

மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 100 வெள்ளி, தவணை 200, காப்புறுதி, சாலை வரி, டயர், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து 75. பெட்ரோலை மட்டும் பார்த்தால் நாளுக்கு 4 வெள்ளி. முழுவதையும் கூட்டினால் 15 வெள்ளி! மீதி 11 வெள்ளி அன்றாடம் கையிலிருந்து போவதில்லை. ஆகவே கண்ணில் படுவதில்லை.

இது நம்மவரின் குறை மட்டுமல்ல. ஜெர்மனியில் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. பெட்ரோல் செலவை அவர்கள் ஏறக்குறையச் சரியாகவே சொன்னார்கள். மொத்தச் செலவிலோ பாதியளவே அவர்கள் மனக்கணக்கில் இருந்தது.

சிங்கப்பூரில் 1990 முதல் கார் வாங்குபவர், 10 ஆண்டுக்குச் செல்லும் உரிமைச் சான்றிதழும் வாங்கவேண்டும். அது பெரும் பணம். இத்தனை கொடுத்து வாங்கிய காரைச் சும்மா நிறுத்தி வைப்பதா என்று மனம் கேட்கும். பக்கத்தில் ரயில் இருந்தாலும் காரை எடுக்கத் தோன்றும். அங்கேதான் எரிபொருள் வீணாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது.

அதே நகரில் 1975 ஜூனில் ஒரு திட்டம் வந்தது. காலையில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளுக்கு 3 வெள்ளி கட்டணம்; நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. உள்ளே நுழைந்த கார்கள் வெகுவாகக் குறைந்தன. பலர் பஸ்ஸில் ஏறினார்கள்; சிலர் ஒரே காரில் கூடிச் சென்றார்கள். என்றோ கொடுத்த ஆயிரங்கள் செய்யாததை, அன்றன்று கொடுத்த 3 வெள்ளி செய்தது.

ஆகவே நமக்கு இரண்டு கணக்கு வேண்டும். வண்டி வாங்குமுன் முழுக் கணக்கு. தொழிற்சாலை பஸ் உண்டா, ஒரே லயத்துப் பிள்ளைகள் இருவர் ஒரு வண்டியில் போகலாமா என்று அப்போதே கேட்போம். வாங்கிய பின்னர், ஒவ்வொரு பயணத்துக்கும் தனிக் கணக்கு. வண்டியை நிறுத்தினாலும் ஓட்டினாலும் தவணை ஒன்றுதான், அதற்காக ஓட்டவேண்டியதில்லை.

ஒரு மாதம் எல்லாச் செலவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்ப்போம். கூட்டல் தெரிந்த பள்ளிப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லும்.