நாகசாகியில் ஒரு பகல்



பிரயாணம் போய் வந்தவன் கதை சொல்லத் தொடங்கினால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவது நம்மூர் வழக்கம். வானொலியில் பேசுபவனுக்கு யார் எழுந்து போனார்கள் என்று தெரியாது. அந்தத் துணிவில்தான் இன்றைக்கு இதனைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2025 நவம்பரில் யப்பானுக்குப் போயிருந்தேன். அழைத்தவர் என் பழைய மாணவர் ஒருவர். சொந்த ஊர் திருகோணமலை. இப்போது புக்குவோக்கா நகரில் பொறியியலாளராக இருக்கிறார். வகுப்பில் பின் வாங்கில் இருந்து நித்திரை கொண்ட பையன் இன்று ஒரு கைப்பிடிக்குள் யப்பானிய மொழியை வைத்திருக்கிறான் என்பதைப் பார்க்க, படிப்பித்தவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. "சேர், ஒரு நாள் நாகசாகிக்குப் போவம். எனக்கு யப்பானிய மொழி சொல்லித்தந்த மனுசன் அங்கே இருக்கிறார்" என்றார். அந்த மனுசன் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். அவரை என் மாணவர் 'சென்செய்' என்றே அழைப்பார். ஆசிரியரைக் குறிக்கும் சொல் அது. நானும் அப்படியே அழைத்தேன். அவரும் என்னை 'சென்செய்' என்றார். ஆக, அன்று முழுவதும் இரண்டு வாத்திமார் ஒருவரையொருவர் வாத்தியாரே என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தோம்.

நாகசாகி, மலைகள் மூன்று பக்கமும் நெருக்க, நடுவே கடல் நீளமாக உள்ளே வந்து படுத்திருக்கும் ஊர். வீடுகள் மலைச்சரிவில் படிபடியாக ஏறுகின்றன. கீழே 1915ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற ட்ராம் வண்டிகள். 2022இல் திறந்த அதிவேகப் புகையிரதத்தில் வந்து இறங்கி, இந்தக் கிழட்டு ட்ராமில் ஏறியபோதுதான் ஊருக்குள் வந்துவிட்டோம் என்ற உணர்ச்சி எனக்கு ஏற்பட்டது.

முதலில் டெஜிமா. ஒல்லாந்தர் அடைபட்டிருந்த இடம். அடைபட்டிருந்த என்ற சொல்லைத் தெரிந்துதான் சொல்கிறேன். 1636இல், போர்த்துக்கீசரை ஊராரிடமிருந்து பிரித்து வைப்பதற்காகக் கடலுக்குள் மண் கொட்டி, விசிறி வடிவில் கட்டிய செயற்கைத் தீவு அது. பரப்பு சுமார் ஒன்றரை ஹெக்டயர். போர்த்துக்கீசரைத் துரத்தியபின், 1641இல் ஒல்லாந்தரைக் கொண்டுவந்து அதற்குள் விட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அவர்கள் அங்கேதான். அனுமதியில்லாமல் பாலத்தைத் தாண்டக்கூடாது. பின்னர் சுற்றியிருந்த கடலை நிரப்பியதில் தீவு நிலத்தோடு கலந்து மறைந்துபோய்விட்டது. இப்போது பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக மீளக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே கிழக்கிந்தியக் கும்பனிதான் இது. நம்மைத் தோம்பில் எழுதி, வரி கேட்டு, ஐங்கோணக் கோட்டைக்குள் இருந்துகொண்டு ஆண்ட கும்பனி. யாழ்ப்பாணத்தில் தங்களைக் காத்துக்கொள்ளக் கோட்டை கட்டினார்கள். நாகசாகியில் அவர்களைக் காவல் வைக்க மற்றவர்கள் தீவு கட்டினார்கள். கும்பனியின் தலைவர் எடோ நகருக்குப் போய் ஷோகனுக்கு முன்னால் தலை நிலத்தில் பட வணங்க வேண்டும். 1691இல் அப்படிப் போன குழுவில் இருந்த கெம்ஃபர் என்ற ஜெர்மானிய வைத்தியர், ஷோகன் கேட்டுக்கொண்டபடி தாம் ஆடியும் பாடியும் காட்ட வேண்டியிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். இதைச் சென்செய் சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தோம்புக்காரன் ஆடியிருக்கிறான்! என் பாட்டன்மாருக்கு இதைச் சொல்ல ஒரு வழி இல்லையே என்றிருந்தது.

துன்பெர்க் என்ற சுவீடன் தேசத்து மருத்துவரும் 1775இலும் 1776இலும் இந்தத் தீவில் இருந்தவர். செடிகளைத் தேடி வெளியே போக விடாததால், ஆடுமாடுகளுக்கு வந்த புல்லுக் கட்டைப் பிரித்துத் தாவரம் சேகரித்தார் என்று சொல்வார்கள். அங்கிருந்து புறப்பட்டவர் 1777இல் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். இங்கே அவருக்குப் புல்லுக் கட்டைப் பிரிக்க வேண்டிய தேவை இருந்திராது.

மத்தியானம் சாப்பாட்டுப் பிரச்சினை. நாகசாகிக்கு வந்தவர்கள் சம்போன் சாப்பிட வேண்டும். சீனர்கள் தொடக்கிவைத்த நூடில்ஸ் அது. பன்றி, இறால், கணவாய் எல்லாம் அதற்குள் நீந்தும். நான் சைவம். கஸ்ரெல்லா என்று போர்த்துக்கீசர் விட்டுப்போன கேக் இருக்கிறது. அதிலோ முட்டைதான் பெரும்பங்கு. மாணவர் கடைக்காரியோடு நெடுநேரம் சமரசம் பேசினார். சரிவரவில்லை. பொறுமை இழந்த நான் தமிழிலேயே, "தம்பி, ஒரு துண்டு பாண் கிடைச்சால் போதும்" என்றேன். கடைக்காரி திரும்பிப் பார்த்து, "பான்?" என்று கேட்டு, உள்ளே போய்ப் பாணோடு வந்தாள்!

நமக்கும் அவர்களுக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசர். சட்டைப் பொத்தானுக்கு அவர்கள் 'போத்தான்' என்கிறார்கள். நாம் கோப்பை என்பதை அவர்கள் 'கொப்பு' என்கிறார்கள். கோப்பி 'கோஹி' ஆகிவிடுகிறது. யப்பானிய மொழி அரிச்சுவடி தெரியாத நான் அந்த மேசையில் இருந்து பாண், கோப்பி, கோப்பை என்று மூன்று சொற்களால் ஒரு மத்தியானச் சாப்பாட்டை முடித்தேன். நம்மை ஆண்டவர்கள் செய்துவிட்டுப் போன காரியங்களில் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

கண்ணாடிப் பாலம் என்று 1634இல் கட்டிய இரட்டை வளைவுக் கற்பாலத்தையும் பார்த்தோம். தண்ணீரில் நிழல் விழும்போது மூக்குக்கண்ணாடி போலத் தெரிகிறது. 1982 வெள்ளத்தில் சேதமாகித் திருத்தியது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

பின்னேரம் உறக்காமிக்குப் போனோம். 1945 ஓகஸ்ட் 9ஆம் நாள் காலை 11 மணி 2 நிமிடத்துக்கு அணுகுண்டு வெடித்தது அந்தப் பகுதிக்கு மேலேதான். குறிவைத்த நகரம் கொக்குரா. அங்கே தெளிவாகத் தெரியாததால் விமானம் இங்கே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் 70,000க்கு மேல். வெடித்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கறுத்தக் கல்தூண் நிற்கிறது. எல்லாரும் அதற்கு முன்னால் நிற்பார்கள். சென்செய் எங்களை முதலில் அங்கே கூட்டிப்போகவில்லை. அருகில், 1979இல் வைக்கப்பட்ட ஒரு சிறிய நினைவுக்கல்லுக்கு முன்னால் நிறுத்தினார். வேலைக்கென்று பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டு, குண்டில் மாண்டுபோன கொரியர்களுக்கான கல் அது. "இதைப் பார்த்துவிட்டு அதைப் பார்ப்போம்" என்றார்.

அந்த இடத்தில் நின்றபோது என் மாணவர் ஒரு விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறுவது தெரிந்தது. பிறகு சொன்னார். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அவருடைய பாட்டனார் அப்போது துறைமுகத்தில் கூலியாள். ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியில் விழுந்து, அது நாட்கணக்காக எரிந்ததாம். பாட்டனார் சாகும்வரை விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே பார்ப்பாராம். "அதுவும் ஒன்பதாம் திகதி, இதுவும் ஒன்பதாம் திகதி" என்றார் மாணவர்.

சென்செய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 1941இல் பேர்ள் துறைமுகத்தில் பாவித்த டோர்பிடோக்கள் இதே நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை என்றார். "பள்ளிக்கூடத்தில் நான் இரண்டையும் ஒரே பாடத்தில்தான் படிப்பித்தேன். பெற்றோர் சிலர் முறைப்பாடு செய்தார்கள்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூவருமாகக் கறுத்தத் தூணுக்கு நடந்தோம்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மேட்டில் இருக்கிறது உறக்காமி தேவாலயம். சென்செய் அந்தப் பங்கைச் சேர்ந்தவர். அந்தக் கிறிஸ்தவர்களின் கதை ஒரு காவியத்துக்குப் போதும். மதம் தடைசெய்யப்பட்டபின் ஏறத்தாழ 250 வருடம், குருமார் இல்லாமல், பிள்ளைகளுக்குத் தாங்களே ஞானஸ்நானம் கொடுத்து, மறைவாக இருந்தவர்கள். 1865 மார்ச் 17ஆம் நாள், பிரெஞ்சுக் குருமார் ஊறா என்ற இடத்தில் புதிதாகக் கட்டிய கோயிலுக்கு உறக்காமியிலிருந்து சிலர் வந்து, உங்கள் இருதயமும் எங்கள் இருதயமும் ஒன்றே என்ற கருத்தில் குருவிடம் இரகசியமாகச் சொன்னார்கள். அதன் பலன், 3,000 பேருக்கு மேல் ஊர்விட்டுக் கடத்தப்பட்டார்கள். 1873இல் தடை நீங்கித் திரும்பி வந்தவர்கள், ஏழ்மையோடு செங்கல் செங்கலாகச் சேர்த்து 1914இல் தேவாலயத்தைக் கட்டி முடித்தார்கள். அதிலிருந்து சுமார் 500 மீற்றர் தொலைவில் குண்டு வெடித்தது. உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருமாரும் வந்திருந்தவர்களும் மாண்டார்கள். 12,000 அளவில் இருந்த பங்கு மக்களில் இறந்தவர்கள் 8,500 என்கிறார்கள்.

இடிந்த சுவர்கள் 13 வருடம் அப்படியே நின்றன. ஹிரோஷிமாவின் குவிமாடம் போல அவற்றைப் பேண வேண்டும் என்று ஒரு சாரார் வாதாடினார்கள். அதே இடத்தில்தான் கோயில் வேண்டும் என்று மறுசாரார். 1958இல் இடித்தார்கள். 1959இல் புதிய தேவாலயம் எழுந்தது. சுவரின் ஒரு துண்டு மட்டும் கீழே பூங்காவில் நிற்கிறது.

"அது பெரிய பிழை" என்றார் சென்செய். அன்று முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "அமெரிக்காவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ. ஹிரோஷிமாவை உலகம் அறியும். எங்களை இரண்டாவது என்று அறியும். இடிபாட்டைத் தொலைத்தவர்களுக்கு வேறென்ன கிடைக்கும்?"

நான் என்ன சொல்ல? 1981இல் ஒரு நாள் இரவு யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது எனக்கு 21 வயது. 97,000 நூல்கள் வரை போயின. மறுநாள் சாம்பலுக்குள் நின்றவர்களில் நானும் ஒருவன். அதைக் கட்டக்கூடாது, எரிந்தபடியே நிற்கவேண்டும் என்று ஊரில் சண்டை பிடித்தவன் நான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வெள்ளை வெளேரென்று புதுப்பித்தபோது, கரியைப் பூசி மறைக்கிறார்கள் என்று கோபம் வந்தது. அதன்பின் அந்த வீதியால் ஆயிரம் தடவை போயிருப்பேன். உள்ளே கால் வைக்கவில்லை. இதையெல்லாம் சென்செய்க்குச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். தன் கட்சிக்கு ஒரு யாழ்ப்பாணத்தான் கிடைத்துவிட்டான் அல்லவா.

ஆனால் மனிதர் நேர்மையானவர். படியில் உட்கார்ந்து, தன் தாயாரைப்பற்றிச் சொன்னார். குண்டு விழுந்தபோது அவருக்கு 11 வயது. மரக்கறி வாங்க மலைக்கு அப்பால் போயிருந்ததால் தப்பியவர். வீட்டில் வேறு யாரும் மிஞ்சவில்லை. "அம்மா இடிக்க வேண்டும் என்ற கட்சி. ஒரு நாளும் ஏனென்று சொன்னதில்லை. நான் வாலிபனாக இருந்தபோது சரித்திரம் தெரியாத மனுஷி என்று ஏசினேன். ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். 'நீ பார்க்கப் போகிறாய். நான் முழங்காலில் இருக்கப் போகிறேன். மழை பெய்தால் எங்கே போவேன்?'"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. என் மாணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சேர், வாங்கோ, கீழே ஒண்டு இருக்கு" என்று கூட்டிப்போனார்.

தேவாலயத்துக்கு அருகே சரிவில், பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சி கிடக்கிறது. குண்டின் வேகத்தில் பெயர்ந்து உருண்டு ஓடைக்குள் விழுந்தது. சுமார் 50 தொன் பாரம். ஓடை அடைபட்டுப்போக, அதை அசைக்காமல் ஓடையின் போக்கை மாற்றிவிட்டார்கள். இன்றும் விழுந்த இடத்திலேயே இருக்கிறது. மேலே புதிய கோயிலின் இரண்டு கோபுரங்கள். ஒன்றில், இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய மணி. மற்றதில் நெடுங்காலம் மணி இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்கர் பணம் சேர்த்து அனுப்பிய மணியை 2025இல்தான் ஏற்றினார்கள். 80 வருடம் நிறைந்த அன்று, 11 மணி 2 நிமிடத்துக்கு இரண்டும் சேர்ந்து அடித்ததாம். சென்செய் அதைக் கேட்கப் போனாரா என்று கேட்டேன். "மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே நின்று கேட்டேன்" என்றார்.

இரவு இனாசா மலையில் ஏறி விளக்குகளைப் பார்த்தோம். 333 மீற்றர் உயரம். அழகுதான். கால் வலித்தது.

ஊருக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குப்பின் ஒரு நாள் காலை நூலகத்துக்குப் போனேன். 1979இல் எடுத்த என் அங்கத்துவ அட்டை அலுமாரிக்குள் இருந்தது. அதையும் கொண்டுபோனேன். மேசையில் இருந்த பிள்ளை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், இதை ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டாள். எடுக்கச் சொன்னேன். புதிய அட்டைக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, யன்னல் ஓரமாக இருந்து அன்றைய பத்திரிகையை வாசித்தேன்.